தீபாவளிக்கு வண்டியில் வரப்போகிறவனுக்கு

மன்னார்குடி,
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. வண்டியோடு விழுந்ததில் முட்டியில் தோல் வழண்டதோடு போயிற்று என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. உன் தங்கச்சி (அதான், என் வீட்டுக்காரி) “அண்ணனைப் பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்க” என்கிறாள். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அதனால் வண்டியிலேயே வருகிற மாதிரி எழுதுகிறேன்.

பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு, தூறல், குறுக்கே நின்ற ஆட்டோ, மூன்றும் சேர்ந்தால் எவனும் விழத்தான் செய்வான் என்று எழுதியிருக்கிறாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை உன் வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசலாம். 2019 கடைசியில் வாங்கிய வண்டி, டயர் இன்னும் கம்பெனி டயர்தான் என்கிறாய். டயர் பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், துணியால் துடைத்துப் பார். 3719 என்று இருந்தால் 2019-இல் 37-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டை) இன்னும் இருக்கிறதே என்பாய். இருக்கட்டும். இத்தனை வருஷம் வெயிலில் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். காய்ந்த சாலையில் வித்தியாசம் தெரியாது, ஈரத்தில்தான் தெரியும். பட்டனுக்கு நடுவே குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கும், டயரின் ஓரத்தில் அதற்கு நேராக டி.டபிள்யூ.ஐ. என்று, தேய்மானத்தைக் காட்டுகிற அடையாளம், போட்டிருப்பான். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் தண்ணீரை வெளியே தள்ள வழியே கிடையாது.

மழைக்குக் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிப்பு வரும் என்று உன் ஆபீஸில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தார் ரோட்டில் அதைச் செய்யாதே. காற்று குறைந்தால் டயர் நசுங்கி, பட்டன் இடுக்கெல்லாம் மூடிக்கொள்ளும், தண்ணீர் போக வேண்டிய வழி அதுதான். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவோ அதையே வை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூட வேண்டும், அதுவும் அதிலேயே இருக்கும்.

இன்னொன்று, செயின். சத்தம் வருகிறது என்று ஆயிலை ஊற்றித் தள்ளுகிற பழக்கம் உனக்குக் காலேஜ் நாளிலிருந்தே உண்டு. அந்த ஆயில் எங்கே போகும்? வண்டி ஓட ஓடத் தெறித்து ரிம்மிலும் டயர் ஓரத்திலும்தான் போய் ஒட்டும். வண்டி நேராகப் போகும்வரை ஒன்றும் ஆகாது, சாய்க்கும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம்தான். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு பிரஷ்ஷால் அழுக்கை எடு, நன்றாகத் துடை, பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்பக்கமாக விடு. ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் ஒரு துணியால் செயினைப் பிடித்துத் துடைத்துவிட்டுக் கிளம்பு.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். பழைய வண்டியில் கால் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். உன்னுடையது 125 சிசி, 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது, அதனால் பெரும்பாலும் சி.பி.எஸ்., அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பிரேக், இருக்கும். காலில் மிதித்தால் முன்சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கும். சாதாரணச் சாலையில் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரத் தகட்டின் மேல், ஆட்டோவை ஒதுங்குவதற்காக வண்டியைச் சாய்த்தபடியே காலை அழுத்தியிருப்பாய். பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறோம் என்று நினைத்துத்தான் மிதித்திருப்பாய், முன்சக்கரமும் சேர்ந்து போயிருக்கிறது. “முன்னாடிதான் முதலில் நழுவியது” என்று நீயே எழுதியிருக்கிறாயே. தகடோ, ஜீப்ரா கோடோ, ரயில்வே கேட்டோ, எது வந்தாலும் அதற்கு முன்பே, வண்டி நிமிர்ந்து நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள். அதன் மேல் ஏறிய பிறகு பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலேட்டரை முறுக்கவும் வேண்டாம். சும்மா உருண்டு கடந்துவிடு.

இனி நம்ம ஊர்ச் சாலைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வந்து விக்கிரவாண்டியில் திரும்பிக் கும்பகோணம்வரை உனக்குப் பழக்கமானதுதான். அதற்குப் பிறகு வலங்கைமான், நீடாமங்கலம் வழி வருவாய், அங்கேதான் கவனம். குறுவை அறுவடை நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், களமோ போதாது, அறுத்த நெல்லை எங்கேதான் காயப்போடுவது? தார் ரோட்டில்தான். பாதி ரோடு நெல், ஓரத்தில் கல்லோ தென்னை மட்டையோ வைத்திருப்பார்கள். டவுனிலிருந்து வருகிறவர்கள் சம்சாரியைத் திட்டுகிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அள்ளி முடித்த பிறகும் சிதறிக் கிடக்கிற மணிகள்தான் பேரிங் பால்ஸ் மாதிரி. குவியல் கண்ணுக்குத் தெரியும், சிதறல் தெரியாது. நெல் மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக ஏறி நேராக இறங்கு. வைக்கோல் கிடந்தால் இன்னும் மெதுவாக வா, அடியில் பள்ளமோ கல்லோ எதுவும் இருக்கலாம்.

ஒரு பக்கம் அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா, தாளடிக்குச் சேற்றுழவு. வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் சக்கரத்தோடு களிமண்ணையும் ரோட்டுக்குக் கொண்டுவரும். காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் மண்தான். தூறல் விழுந்ததும் தாரின் நிறத்திலேயே பளபளக்கும், தார் எது, சேறு எது என்று தெரியாது. வயலுக்கு இறங்குகிற வழி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இது உண்டு என்று வைத்துக்கொள். அடித்துப் பெய்கிற மழையைவிட முதல் தூறல்தான் மோசம். அத்தனை நாள் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழையும், பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் தூற ஆரம்பித்ததும் ஒரு டீக்கடையில் ஒதுங்கு, அரைமணி போகட்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது சாலை ஓரத்துக்குத்தான். எதிரே பஸ் வந்தால் நாம்தான் மண்ணில் இறங்க வேண்டும், இந்தப் பக்கத்துச் சட்டம் அது. இறங்கும்போது ஒன்றும் ஆகாது, ஏறும்போதுதான் ஆபத்து. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே சில இடத்தில் அரை அடி இறக்கம். ஓரத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டு மெல்ல மெல்லத் தாருக்கு ஏற்றலாம் என்று பார்ப்பார்கள். முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது, ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே சாயும். பஸ் போகும்வரை மண்ணிலேயே ஓட்டு. பிறகு நடைவேகத்துக்குக் குறைத்து, வண்டியை விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி எடுத்து, அங்கிருந்து நன்றாகத் திருப்பிக் குறுக்காக ஏற்று. வெட்கப்படாமல் நின்றுவிட்டுப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்திருந்து காத்திருந்து, கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். தண்டவாளம் நனைந்திருந்தால் கூட்டத்தோடு சாய்வாகக் கடக்காதே, சக்கரம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி நேராகப் போ.

விழுந்த பிறகு ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கிறது, ஹேண்டில்பார் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதே. பெரும்பாலும் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய்) அதன் பிடியில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். ஃபோர்க் பைப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் முன் ஆக்ஸில் நட்டையும் லேசாகத் தளர்த்தி, முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருகினால் நேராகிவிடும். பிறகு ஆக்ஸில் நட்டை மூடி, முன் ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விட்டு, மற்றதை முறுக்கு. அப்படியும் இழுத்தால் பைப் வளைந்திருக்கும், அது லேத்துக்குப் போகிற வேலை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தூக்கியபடி ஹேண்டிலை மெதுவாக இருபக்கமும் திருப்பிப் பார். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங், போய்விட்டது, அதை மாற்றாமல் கிளம்பாதே.

நடுவழியில் தண்ணீருக்குள் போய் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்றும் கேட்டாய். என் வண்டி கார்புரேட்டர், பிளக்கைக் கழற்றித் துடைப்பேன், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பேன், ஓடிவிடும். உன்னுடையதும் 2020-க்கு முந்தையது, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப் இருக்கிறதா பார். இருந்தால் கார்புரேட்டர்தான், இதே வைத்தியம். சைலன்சர் முங்குகிற ஆழம் என்றால் இறங்காதே. தண்ணீரைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டு, டிரம் காயட்டும்.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. என் மகள் ஸ்கூட்டி கற்றுக்கொள்கிறாள், நான் பின்னால் உட்கார்ந்து கத்துவதாகப் புகார். உங்கள் வீட்டு மேலண்டை வயல் அறுத்தாயிற்று, நெல் இன்னும் போகவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார்கள், நீ விழுந்ததை நான் சொல்லவில்லை. முட்டிக் காயத்தை நீயே சமாளித்துக்கொள்.

ஒரு வேலை. வருவதற்கு முன் அங்கே உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு பக்கம் போனால் என் வண்டிக்கு ஃபோர்க் ஆயில் சீல் ஒரு செட் வாங்கி வா. இடது பக்கம் ஆயில் வழிந்து முன் டிரம் வரைக்கும் வந்துவிட்டது, துணி கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் டயர் அங்கேயே பார்த்துவிடு. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அந்த நாலு எண்ணைப் பார்த்து வாங்கு. சீலுக்கான பணத்தை நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாப்ளே