இனி 'செட்டு' கிடையாது: இளைப்புக்கு மருந்து வாங்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, கம்பத்திலிருந்து உங்கள் மருந்துக்கடைக்காரனின் வணக்கம்.

ஜூன் பிறந்துவிட்டது. மேகம் இறங்கி கம்பம்மெட்டுப் பக்கம் மலையே தெரிவதில்லை. விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், இரவு கடை முன்னால் இருமிக்கொண்டே நிற்கும் மாதங்கள் இனிமேல்தான். கூட்டம் சேர்ந்த பிறகு நின்று பேச நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மூச்சு இளைப்புக்கும் சளிக்கும் நம் கடையில் இனி 'செட்டு', அதாவது ஒரே கவரில் சேர்த்துப் போடும் மாத்திரைகள், தரமாட்டோம். டாக்டர் சீட்டு வேண்டும். போன மாதமே இதைச் சிலரிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டார்கள். "உங்க அப்பா காலத்துல இருந்து வாங்குறோம், இப்ப என்ன புதுசா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்பாவும் கொடுத்தார், நானும் கொடுத்தேன். அந்தக் கவருக்குள் என்ன இருந்தது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாலு மாத்திரை இருக்கும். மூக்கொழுகலுக்கு ஒன்று, அதனால்தான் தூக்கம் வரும். மூச்சுக்குழாயை விரிக்க ஒன்று, சால்பூட்டமால் அல்லது டெரிபிலின். ஒரு ஆன்டிபயாடிக். நாலாவது, நீங்களே பெயர் வைத்திருக்கும் அந்தக் 'குட்டி மாத்திரை'. "குட்டி மாத்திரை போட்டிருக்கீங்கல்ல?" என்று கவரைத் தடவிப் பார்ப்பீர்களே, அது ஸ்டீராய்டு. பிரட்னிசலோன், டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன் என்று ஏதாவது ஒன்று. செட்டு போட்ட மறுநாளே உடம்பு லேசாகி, பசியெடுத்து, வேலைக்குப் போக முடிந்தது என்றால் பெரும்பாலும் இதன் வேலைதான்.

ஸ்டீராய்டை விஷம் என்று சொல்லவில்லை. இளைப்பு முற்றி வருகிறவருக்கு டாக்டர்கள் இதே பிரட்னிசலோனை ஐந்து நாள், ஏழு நாள் கணக்காகக் கொடுப்பார்கள். அது உயிரைக் காக்கும். வாரம் தவறாமல், கேட்பார் இல்லாமல் விழுங்குவதில்தான் வினை. ரத்தத்தில் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், முகம் உப்பும்.

தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்கா, இரண்டு வருடம் நம்மிடம்தான் செட்டு வாங்கினார். முகம் நிலா மாதிரி உருண்டது. "அக்கா, நல்லா தேறிட்டீங்க" என்று நானே சொன்னேன். மருந்து படித்தவன், பார்த்தவுடன் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விரும்பவில்லை. காலில் பட்ட காயம் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் சர்க்கரை எங்கோ போயிருந்தது தெரிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். கடைக்கும் வருகிறார். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாதக்கணக்கில் குட்டி மாத்திரை போட்டவர்கள் இந்த மடலைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் என்று ஆபத்தாகும். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நம்மிடம் வாங்கியவர்கள் வந்தால், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலம் என்று தாளில் எழுதித் தருகிறேன். அதை டாக்டரிடம் காட்டுங்கள். என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

அந்தக் கவரில் இன்னொரு கோளாறும் இருந்தது. டெரிபிலினில் இருக்கும் தியோபிலின், அளவு கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு, இன்னும் கூடினால் வலிப்பு வரை இழுத்துவிடும் மருந்து. சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கூடவே போட்டால் ரத்தத்தில் தியோபிலின் அளவு ஏறும். எத்தனை கடைகளில் எத்தனை வருடமாக இரண்டையும் ஒரே கவரில் போட்டிருப்போமோ.

சரி, மாத்திரை இல்லையென்றால் என்ன? பம்புதான். இன்ஹேலர் என்றாலே நம் ஊரில் "அது கடைசி வைத்தியம்", "பழகிட்டா விட முடியாது" என்று பயம். ஒரு கணக்கு சொல்கிறேன். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரைக்குள் நாற்பது அழுத்து மருந்து. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வருகிறது. அதனால்தான் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்பு நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. சில நிமிடத்தில் மூச்சு இலகுவாகும். கொல்லையில் ஒரு செடி வாடினால் வயல் முழுக்க மடை திறந்து விடுவோமா?

ஆனால் பம்பிலும் இரண்டு வகை உண்டு. எல்லோரும் குழம்புவது இங்கேதான். சால்பூட்டமால் பம்பு, பெரும்பாலும் நீலம், அந்த நேரத்து இறுக்கத்தை மட்டும் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். மூச்சுக்குழாய்க்கு உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதேயில்லை. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு பம்பு: புடசோனைடு, பெக்லோமெதசோன், புளூட்டிகசோன். இதுவும் ஸ்டீராய்டுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் மைக்ரோகிராம் கணக்கில், நேராக மூச்சுக்குழாய்க்குள். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாள், வாரம் ஆகும். அதனால்தான் "இது வேலை செய்யல, நீலத்தையே குடுங்க" என்று திருப்பிக் கொண்டுவருகிறீர்கள்.

ஆஸ்துமாவுக்கு நீலத்தை மட்டும் தனியாக நம்பியிருப்பது சரியில்லை என்று 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. வருடத்துக்கு மூன்று நீலப் பம்போ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இளைப்பு வரும் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டோ அதற்கு மேலோ போனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. ஒரு பம்பில் 200 அழுத்து. நம் கடையில் மாதம் தவறாமல் நீலப் பம்பு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பில் போடும்போது நான் ஏன் அவர்களை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பம்பை எப்படி இழுப்பது என்று தெரியாமல்தான் பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்தி, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராத பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 'ஸ்பேசர்' என்ற குடுவை உண்டு. அதில் சிரமமே இல்லை. அதைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைக்காதீர்கள். கேப்சூலை உள்ளே போட்டுத் திருகி இழுக்கும் ரோட்டாஹேலரில் நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூல் என்றவுடன் நினைவுக்கு வருகிறது, அதைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு "ஒரு பிரயோஜனமும் இல்ல தம்பி" என்று வந்த தாத்தாக்கள் ஒருவர் இருவர் அல்ல. தப்பு அவர்கள்மேல் இல்லை, சொல்லிக் கொடுக்காத நம்மேல். ஸ்டீராய்டு பம்பு எதுவானாலும் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும்.

ஆன்டிபயாடிக் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. செபிக்சிம், லீவோபிளாக்சசின், காசநோய் மருந்துகள் எல்லாம் 2014 மார்ச் முதல் 'எச் 1' என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று பதிவு செய்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். குமுளிப் பக்கம் போய் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கேரளத்தில் ஆன்டிபயாடிக்கை இப்போது நீலக் கவரில் போட்டுத் தருகிறார்கள். நல்ல யோசனை, கண்ணில் படும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எதுவும் வாங்காமல் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் இலவசம், காசநோய் என்றால் ஆறு மாத மருந்தும் இலவசம். லீவோபிளாக்சசினை வாங்கிப் போட்டுக்கொண்டால் நோய் கொஞ்சம் பதுங்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். வீட்டுக்குள் விறகடுப்பு, பீடி என்று முப்பது வருடம் புகை குடித்த நெஞ்சுக்கு வருவது ஆஸ்துமா இல்லாமல், மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துப்போகும் சி.ஓ.பி.டி. நோயாகவும் இருக்கலாம். அதற்கு டியோட்ரோபியம் போல வேறு பம்பு உண்டு. எது எது என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனையில்தான் தெரியும், கடை மேஜையில் தெரியாது.

வேறு எதற்கோ வாங்கும் மருந்தும் இளைப்பைக் கிளப்பும். படபடப்புக்கும் தலைவலிக்கும் எழுதும் புரோப்ரனலால் ஒன்று. கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்து இன்னொன்று; கண்ணில் விட்டது நெஞ்சை இறுக்குமா என்றால், இறுக்கும். உடம்பு வலிக்கு நீங்கள் கேட்கும் டைக்ளோபினாக் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எதை வாங்கினாலும் "எனக்கு இளைப்பு உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இருமல் சிரப் கேட்டு வராதீர்கள். நாலு வயதுக்குக் கீழே சளி, இருமல் கலவை மருந்துகள் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற சிரப், நம் தமிழ்நாட்டில் தயாரானது என்பதை மறக்க முடியவில்லை. சளி, இருமல் உள்ள குழந்தை தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குள் உள்ள கைக்குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரிடம் போவது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். கேரள டாக்டர் எழுதிய சீட்டும் இங்கே செல்லும். தோட்டத்துப் பக்கமே காட்டிவிட்டு வரலாம். அங்கே மலையாளத்தில் 'வலிவு' என்று சொன்னால் இளைப்பு என்று அர்த்தம், நம் ஆட்கள் வலிப்பு என்று எடுத்துக்கொண்டு பதறிய கதைகள் உண்டு. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு இளைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீலப் பம்பு இழுத்தும் அடங்கவில்லை என்றாலோ 108-ஐ அழையுங்கள். மலைக்கு மேலேயும் கீழேயும் அதே எண்தான்.

ஜீப் திரும்பி வருவதை வைத்து, இந்த மழை முடியும் வரை கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். மருந்தில்லாத காலிப் பம்பும் ரோட்டாஹேலரும் மேஜையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைவு, அப்போது வந்தால் உட்கார்ந்து இழுத்துப் பழகலாம். இங்கே வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை, முதல்வர் மருந்தகத்தில் வாங்கிய பம்பென்றாலும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடைக்காரன்