வசூலித்த பணம் யாரிடம் போனது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் இ-சேவை மையம் நடத்திவருகிறேன். வருமானச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வருபவர்களுக்கு நடுவே, தீபாவளி முடிந்த கையோடு வேறு சிலரும் எங்கள் மையத்துக்கு வரத் தொடங்குவார்கள். கையில் பிரித்த பார்சல் உறையும் கைபேசியில் ஒரு சேலையின் படமும் இருக்கும். "இதுக்கு எங்கீங்க எழுதிப் போடறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இம்முறை வந்தவர்களில் ஒருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். வெளிநாட்டுக்குப் போகும் துணியில் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய நாள்முழுதுமான வேலை. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பார்த்த மென்பட்டுச் சேலையை, பொருள் வந்த பிறகுதானே பணம், இதில் என்ன ஏமாற்று இருக்க முடியும் என்ற நம்பிக்கையில் கேஷ் ஆன் டெலிவரி முறையில் கேட்டிருக்கிறார். பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாக அவர் சொன்னதற்கு, கொண்டுவந்த தம்பி, "பணத்தக் கட்டுனாத்தானுங்கக்கா பிரிக்க முடியும்" என்றிருக்கிறார். அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு இடப்பட்ட உத்தரவு அது. பணத்தைக் கொடுத்துப் பிரித்தபோது உள்ளே இருந்தது, யாரோ கட்டிக் கழித்த, முந்தானையில் கிழிசல் விழுந்த பாலியெஸ்டர் சேலை. துணியில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவருக்கு, தன் சொந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கும் உரிமை பணம் கைமாறிய பிறகுதான் கிடைத்தது.

விற்பனைப் பக்கத்தில் இருந்த வாட்ஸ்அப் எண், அவர் அனுப்பிய முதல் புகைப்படத்தோடு அவரைத் தடைசெய்துவிட்டது. மிஞ்சியிருந்தது பார்சல் உறையில் ஒட்டிய சீட்டு மட்டுமே. அனுப்புநர் என்ற இடத்தில் மூன்று ஆங்கில எழுத்துகளும் "எண்டர்பிரைசஸ்" என்ற சொல்லும் இருந்தன. அதன் கீழே "டெலிவரி ஆகாவிட்டால் திருப்பி அனுப்புக" என்ற வரியும், வெளிமாநிலத்து நகரம் ஒன்றின் கிடங்கு முகவரியும், கடைசி இலக்கங்கள் மறைக்கப்பட்ட தொலைபேசி எண்ணும் இருந்தன. அது விற்பவரின் முகவரி அன்று. பல விற்பனையாளர்களின் பார்சல்கள் வந்து சேர்ந்து பிரியும் இடம். அந்த முகவரிக்குப் போட்ட பதிவுத் தபால், அப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

இனி அவர் எங்கே போவது? 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். யூ.பி.ஐ. வழியாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ பணம் அனுப்பியவர் அந்த எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு என்பதை நானும் வருபவர்களுக்கு முதலில் சொல்கிறேன். அட்டையில் கட்டியவர்களை, அந்தத் தொகைக்கு ஆட்சேபம் தெரிவித்து வங்கிக்கு உடனே எழுதச் சொல்கிறேன். ஆனால் அங்கே கேட்கப்படும் பரிவர்த்தனை எண், வாசலில் நின்று ரூபாய் நோட்டாக எண்ணிக் கொடுத்தவரிடம் ஏது? காவல் நிலையத்தில், இது நுகர்வோர் சமாச்சாரம் என்றார்கள். 1915 என்ற உங்கள் துறையின் உதவி எண்ணில் தமிழிலேயே பேசினார்கள், மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் புகாரை அனுப்பிவைக்க எதிரே ஒரு நிறுவனம் வேண்டுமே! ஏமாற்றியவரின் பெயர் விவரம் தெரியாவிட்டால் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். காவல் நிலையமோ ஏற்கெனவே இங்கே அனுப்பியிருந்தது.

சட்டம் தாராளமானது என்பதை நான் மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே, இணையவழியிலேயே மனுவைப் பதியலாம். இத்தனையும் இருந்து, மனுவில் எதிர்த்தரப்பினரின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த மூன்று மாதமும் எதிர்த்தரப்பினர் அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்துதான் தொடங்குகிறது. முகவரியே இல்லாதவர் அறிவிப்பை எந்த நாளில் பெறுவார்?

ஆகவே ஆணையத்திடம் என் கோரிக்கை ஒன்றே. எங்களிடம் பணத்தை வசூலித்தவர், அதை யாரிடம் கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இது தெரியாத செய்தியன்று. கூரியர் நிறுவனம் வசூலித்த தொகையைக் காற்றில் விடுவதில்லை. சில நாள் கழித்துக் கணக்குத் தீர்த்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு வங்கிக் கணக்கில்தான் போடுகிறது. அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் உண்டு, முகவரி உண்டு, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணும் உண்டு. 2020-இன் மின்வணிக விதிகள், பல விற்பனையாளர்கள் பொருள் விற்க இடம் தரும் சந்தைத் தளம் வழியாக வாங்கியவர் எழுத்துமூலம் கேட்டால், விற்பவரின் தலைமையக முகவரி, மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்களைத் தளம் தர வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் வாங்கியவர் எந்தத் தளத்திடம் கேட்பார்? விளம்பரம் காட்டிய நிறுவனம், தான் விற்கவில்லை என்கிறது. கூரியர் நிறுவனம், தான் சுமந்து வந்ததோடு சரி என்கிறது. இணையவழிப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, வணிகரின் பின்னணியைச் சரிபார்த்தே சேர்க்க வேண்டும் என்றது. பொருளைக் கொடுக்கும்போதே பணம் பெறும் முறைக்கு மட்டும் விலக்களித்தது. பொருள் கைக்கு வந்துவிடுகிறது, பிறகென்ன ஆபத்து என்று எண்ணியிருப்பார்கள் போலும். செக்கிங் வேலை பார்க்கும் அந்தப் பெண்மணியும் அப்படித்தான் எண்ணினார்.

ஆணையம் சும்மா இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு இணங்காத பிரஷர் குக்கர்களை விற்க இடமளித்த பெருந்தளங்களுக்கு 2022-இல் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னீர்கள். 2023 நவம்பரில், இணையதளங்கள் வாங்குபவரை மயக்கித் திசைதிருப்பும் உத்திகளில் 13-ஐப் பெயர் சொல்லித் தடைசெய்தீர்கள். முகவரி உள்ள நிறுவனங்களின் பொத்தான்களும் கவுண்ட் டவுன் கடிகாரங்களும் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்படும்போது, முகவரியே இல்லாமல் கிழிந்த துணியை அனுப்பிப் பணம் பறிப்பவர் அந்த 13-க்குள் எங்கும் அகப்படாமல் நிம்மதியாக இருக்கிறார். பெயர்ப்பலகை வைத்தவருக்குத்தான் சட்டம் என்றால், வைக்காமல் இருப்பதே நல்ல தொழில் என்று எவருக்கும் தோன்றாதா? ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24 அன்று தேசிய நுகர்வோர் நாள் வருகிறது. நுகர்வோரே விழித்தெழுங்கள் என்று விளம்பரமும் வருகிறது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு எங்கள் மையத்தின் முன் வரிசையில் நிற்பவர்களிடம் அதைப் படித்துக் காட்ட எனக்குத் துணிவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனெனில் பொறுத்தருள வேண்டும். ஏமாந்தவர்கள் பெரும்பாலோர் என்னிடம் வருவதுகூட இல்லை. வாரக்கூலியில் ஒரு பங்கு போயிற்று என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு அலைந்தால் அந்தச் சேலையின் விலையில் பாதி அதிலேயே போய்விடும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். ஏமாற்றுபவருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் ஆளுக்கு ஐம்பதாயிரம் பறிக்காமல், ஆயிரமும் ஆயிரத்து ஐந்நூறுமாகப் பறிக்கிறார். தனியொருவர் வழக்காட முடியாத இத்தகைய தொகைகளுக்காகத்தான், நுகர்வோரை ஒரு வகுப்பாகக் கொண்டு அவர்கள் சார்பில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் உங்கள் ஆணையத்துக்குத் தந்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்த அதிகாரத்தைக் கொண்டு, பொருளைக் கொடுத்துப் பணம் வசூலிக்கும் கூரியர் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டு நெறியைத் தயைகூர்ந்து வெளியிடுங்கள். பார்சல் எண்ணைக் குறிப்பிட்டு வாங்கியவர் எழுத்தில் கேட்டால், பணம் பெற்றவரின் சட்டப்பூர்வமான பெயரையும் சரிபார்க்கப்பட்ட முகவரியையும் குறித்த நாளுக்குள் தர வேண்டும். கணக்குத் தீர்க்கும் முன்பே புகார் வந்துவிட்டால், அந்தப் புகார் முடியும்வரை தொகையை நிறுத்திவைக்க வேண்டும். உறையில் ஒட்டும் சீட்டில் கிடங்கின் முகவரியோடு விற்பவரின் முகவரியும் இருக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டுக்குக் காலம் ஆகுமென்றாலும், வசூலித்த பணம் யாரிடம் போனது என்பதைச் சொல்ல வைக்கும் முதல் ஒன்றையாவது வரும் தீபாவளிக்கு முன் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண்மணியின் மனு, எதிர்த்தரப்பினர் முகவரி மட்டும் நிரப்பப்படாமல், எங்கள் மையக் கணினியில் இருக்கிறது. நீங்கள் கேட்டால், பார்சல் சீட்டின் படத்தோடு அவருடைய ஒப்புதலுடன் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இ-சேவை மையம் நடத்துபவர்,
திருப்பூர் மாவட்டம்.