வாசகர் வட்டம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்த நூல் அறிமுகமும் சிறுவர் கதைப் பயிற்சியும் வழமைபோல் நடந்தன. விபரம் கூட்டக் குறிப்பேட்டில் உண்டு. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஒரு மாதத்தில் நாவல் எழுதும் முயற்சி பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அடுத்த வருடம் சேரவுள்ளோருக்கு அது பயன்படும்.

30 நாளில் 50,000 சொல் என்ற இந்தச் சவாலை 1999 யூலையில் சன் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் தொடங்கினர். மறுவருடம் அது நவம்பருக்கு மாறியது. நமக்கு நவம்பர் ஒத்துவராது. வாடைக்காற்றும் அடைமழையும் மின்தடையும் ஒருபுறம், படுவான்கரை அங்கத்தவர்களுக்குப் பெரும்போக வயல்வேலை மறுபுறம். அதனால் மழைக்கு முந்திய செப்டெம்பரைத் தெரிந்தெடுத்தோம். அதற்கும் 30 நாள் உண்டு.

இலக்கை 30,000 சொல்லாக வைத்தோம். வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்தே நிற்கும் தமிழில், அதே அளவு கதை குறைந்த சொற்களில் அடங்கிவிடும். நாளுக்கு 1,000 சொல். கொப்பியில் எழுதுவோர் பத்து வரிகளின் சொற்களை எண்ணிச் சராசரி எடுக்கவேண்டும்: வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 24 வரி என்றால் ஏழு பக்கம்.

ஆயத்தம் ஓகஸ்டிலேயே முடியவேண்டும். ஆட்களின் பெயர், வயது, உறவுமுறை ஒரு தாளில். கதை நடக்கும் ஊரின் கீறல்படம் இன்னொன்றில். மூன்றாவதில் ஒற்றை வரியாக 30 காட்சிகள். ஒவ்வொரு காட்சி வரியிலும் யார் எதை விரும்புகிறார், எது தடுக்கிறது என்ற இரண்டும் இருக்கவேண்டும். “கல்லடிப் பாலத்தில் சந்திக்கிறார்கள்” என்பது காட்சியல்ல. அப்படியான வரிகள்தான் இரண்டாம் வாரத்தில் எழுத்தை நிறுத்திவிடுகின்றன. தொடக்கத்தில் ஆட்களையும் ஊரையும் அறிமுகப்படுத்துவதிலேயே சொற்கள் ஓடிவிடும். பிறகு அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இராது. அந்நேரம் முதல் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்குபவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. முந்திய நாள் எழுதியதில் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டுத் தொடரவேண்டும். காட்சியின் நடுவில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது இலகு.

தகவல் தேடுவதும் அப்படித்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியை எழுதும்போது அன்று என்ன கிழமை, காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தேடப்போனால் அன்றைய எழுத்து போய்விடும். ## என்று அடையாளமிட்டுக் கடந்து செல்லுங்கள். மாதம் முடிந்தபின் அந்தக் குறியைத் தேடி ஒவ்வொன்றாக நிரப்பலாம்.

நம் பேச்சை உரையாடலில் எழுதுவோர் தொலைபேசியில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைக்கவேண்டும். ‘பிறகு’ என்ற பொருளில் நாம் சொல்லும் “மறுகா” வேறொன்றாகிவிடக் கூடாது. குரல்வழித் தட்டச்சு வேகமானது, ஆனால் பெரும்பாலும் நிறுத்தக்குறி இராது, பந்தி பிரியாது. அன்றைக்கே சீர்செய்யாவிட்டால் யார் பேசியது என்பதே விளங்காது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு பிறருடைய தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றினால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் குழம்பிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே யுனிகோட். ஒவ்வொரு இரவும் கோப்பைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடவேண்டும். கொப்பியானால் பக்க எண்ணிட்டுப் படமெடுக்கவேண்டும்.

முதல் வரைவை ஒக்டோபர் முழுவதும் தொடாமல் வைப்பது மிக அவசியம். நவம்பரில் அச்செடுத்து, பேனையோடு வாசித்தால், தட்டச்சின்போது கண்ணில் படாத தொய்வுகள் தெரியவரும். மின்சாரம் போனாலும் பகல் வெளிச்சத்தில் இந்த வேலை நடக்கும்.

சபையின் அனுமதிக்கு இரண்டு முன்மொழிவுகள்: ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை ஆயத்தப் பட்டறையொன்று நடத்துவது, அச்செடுக்கும் செலவில் பாதியை வட்டத்தின் நிதியிலிருந்து வழங்குவது.

செயலாளர்