காலி அட்டையை நீட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் கூட்டத்தைக் குறைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவர், செவிலியர், படுக்கை வசதி எல்லாம் அதில் இருந்தன. மருந்தாளுநரை மட்டும் காணோம். சளி, தலைவலி, வயிற்றுப்போக்கு, பூச்சிக்கடி எதுவானாலும் பலர் முதலில் போய் நிற்பது மருந்துக்கடையில்தானே?

போய் என்ன கேட்கிறோம் என்பதுதான் கோளாறு. காலி அட்டையை நீட்டி, "இதுல பத்து கொடுங்க" என்போம். இல்லையென்றால், "ஜுரத்துக்கு ஏதாவது கொடுங்க." யாருக்கு ஜுரம், எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாமும் சொல்வதில்லை. பின்னால் ஆட்கள் நிற்பதால் மருந்தாளுநரும் கேட்பதில்லை.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதற்கு மேல் கூடாது. ஜுரத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு சளிக்குத் தனியாக இன்னொன்று வாங்குகிறோம். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் அதே பாராசிட்டமால்தான் இருக்கிறது. அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. கல்லீரலுக்கு அதெல்லாம் கணக்கில்லை; மொத்த அளவு மீறினால் அது கெடும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வலிக்கு ஆஸ்பிரின் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் மாத்திரையும் எடுப்பவர் மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கினால், சில சமயம் சிறுநீரகம் அடிவாங்குகிறது. "ஏற்கெனவே இதெல்லாம் சாப்பிடுகிறேன், இது சேருமா?" என்று கேட்டால் மருந்தாளுநர் அங்கேயே சொல்லிவிடுவார். அதற்குத்தானே அவர் படித்திருக்கிறார்!

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் தொண்டைவலி, சைனஸ், அக்கி உள்ளிட்ட 7 தொந்தரவுகளுக்கு மருத்துவரிடம் போகாமலே மருந்தாளுநரிடம் சிகிச்சை பெறலாம். தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தருவார். அதைப் பார்த்து எல்லா இடத்திலும் கவுண்டரிலேயே ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன். அங்கே யாருக்குக் கொடுக்கலாம், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதிவைத்த விதிமுறை உண்டு. அது இல்லாத இடத்தில் "ரெண்டு நாளைக்கு மட்டும் கொடுங்க" என்று வாங்குவது வம்பு.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது, சற்றுத் தள்ளி நின்று பேச ஓர் இடம். மூலம், கருத்தடை, சிறுநீர் எரிச்சல் பற்றியெல்லாம் வரிசைக்கு நடுவே யார் வாய் திறப்பார்கள்? அப்புறம், நிற்பவர்களில் மருந்தாளுநர் யார், விற்பனையாளர் யார் என்று தெரிய ஒரு பெயர்ப்பட்டை.

உங்களிடமும் ஒன்று. மருத்துவர் பதில் பகுதிக்குப் பக்கத்தில் மருந்தாளுநருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்களேன். எந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, திறந்த கண் சொட்டு மருந்தை எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதிலிருந்தே அவர் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்