துன்பம் தகுதிச் சான்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரைப் பக்கத்தில் சுயாதீன இயக்குநர்களைப் பற்றி வரும் ஊக்கக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். இரண்டு குறும்படங்களும், முடிக்க நான்கு ஆண்டுகள் பிடித்த ஒரு முழுநீளப் படமும் எடுத்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை விற்றார், நகையை அடகு வைத்தார், நாள்கணக்கில் உறங்கவில்லை என்று இயக்குநர் பட்ட துன்பத்தையே அவருடைய தகுதிச் சான்றாக அக்கட்டுரைகள் காட்டுகின்றன. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் அதை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். தங்களை வருத்திக்கொள்ளாவிட்டால் தங்களுக்குக் கலையின்மேல் உண்மையான பற்று இல்லையோ என்றுகூட ஐயப்படுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

வங்க இயக்குநர் சத்யஜித் ராய் தம் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்காக மனைவியின் நகைகளை அடகு வைத்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். 1952இல் படப்பிடிப்பைத் தொடங்கி 1955இல் படம் வெளியாகும் வரை, விளம்பர நிறுவனத்தில் தமக்கிருந்த வேலையை அவர் விட்டுவிடவில்லை என்பதை எழுதுபவர்கள் குறைவு. நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் படம் பிடித்துவிட்டு, சில நாள் கழித்து மீதியை எடுக்கப் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. அடுத்த பருவத்தில் மீண்டும் பூக்கும் வரை அவர் காத்திருந்தார். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததும் அந்தப் பொறுமைக்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இளம் இயக்குநருக்கு அடகுக் கதையைவிட இந்தச் செய்திதான் அதிகம் பயன்படும்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. என் முழுநீளப் படத்தின் கடைசி வாரத்தில் நானும் குழுவினரும் நாளுக்கு நான்கு மணி நேரம்கூட உறங்கவில்லை. அந்த வாரம் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் படத்தொகுப்பில் கழிக்கப்பட்டது. அதைவிட, விடியற்காலையில் எங்கள் வண்டியை ஓட்டிய உதவி இயக்குநர் ஒரு கணம் கண்ணயர்ந்ததை இன்று நினைத்தாலும் நடுங்குகிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆயினும் அவரை அந்த நிலையில் வண்டி ஓட்ட விட்டவன் நான்தான்.

ஆனால் மனம் மிகவும் நொந்துபோவது படப்பிடிப்பின்போது அல்ல, படம் முடிந்த பிறகுதான். குழு கலைந்துவிடும், கைப்பேசி ஓய்ந்துவிடும், திரைப்பட விழாக்களிலிருந்து மறுப்புக் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்கு 12,000க்கும் மேற்பட்ட குறும்படங்கள் வந்தன, தேர்வானவை 53. இந்தக் கணக்கை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு மறுப்பையும் என்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகப் படித்துக்கொண்டு எட்டு மாதங்கள் ஒரு வரியும் எழுதாமல் கிடந்திருக்க மாட்டேன். அந்த நிலையிலிருந்து நான் எழுந்துவந்ததற்கு மனநல மருத்துவர் ஒருவரும், மாதம் ஒருமுறை கூடி முடியாத படங்களை ஒருவருக்கொருவர் போட்டுக்காட்டும் நண்பர்கள் மூவரும் காரணம். மருத்துவரிடம் சென்றதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. சொல்லாமல் தவிக்கும் பலரை அறிவேன் என்பதாலேயே இங்கே எழுதுகிறேன்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஓர் இயக்குநரைப் பேட்டி காணும்போது, அவர் எதையெல்லாம் இழந்தார் என்பதோடு, படம் எடுத்த ஆண்டுகளில் வீட்டு வாடகையை எப்படிக் கட்டினார், குழுவினருக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தார், மறுப்பு வந்த நாள்களில் யாரிடம் பேசினார் என்பவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
சுயாதீனத் திரைப்பட இயக்குநர் ஒருவர்