நோட்டில் அரிசி, கையில் ரொக்கம்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், நேரமிருந்தால் நிதி அமைச்சக அதிகாரிகளுக்கும், வணக்கம்.

நான் தேனி மாவட்டம் கூடலூரில் (நீலகிரிக் கூடலூர் இல்லை) மளிகைக்கடை வைத்திருக்கிறேன். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள்தான் என் வாடிக்கையில் முக்கால்வாசி. கேரளத்தில் சம்பளம், தமிழ்நாட்டில் சமையல். இவர்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடன்தான் குழுக்கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களிடம் கேட்பார்கள். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, 2022 மார்ச்சில் சிறுகடனுக்கு விதி எழுதியதே நீங்கள்தான்.

எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை டியூ, அதாவது குழுக்கடன் தவணை. போன செவ்வாய் இருட்டியபிறகு ஒரு அம்மா கடைக்கு வந்தார், தோட்டத்துச் சேறு காலில் காயவில்லை. "அண்ணே, அரிசி வேண்டாம், அந்தக் காசை ரொக்கமாக் குடுங்க. நோட்டுல அரிசின்னே எழுதிக்குங்க" என்றார். கடையின் பற்று நோட்டை அவர் வீட்டுக்காரர் பார்ப்பார், அதனால் அரிசி. சரி, டியூ பாக்கியா என்று கேட்டால், அவர் டியூவைக் காலையிலேயே கட்டிவிட்டார். இது குழுவில் இன்னொருத்தி கட்டாத டியூ. அவள் மகள் காலேஜ் ஃபீசுக்கு ஒரு கடன், அதை அடைக்க இன்னொரு கம்பெனியில் ஒரு கடன், நடுவில் பண்டிகைக்கு 'வட்டியில்லாத் தவணை'யில் ஒரு போன் என்று வாங்கி, இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். வசூலுக்கு வந்த பையன் குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, முழுப் பணமும் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். அவனைத் திட்டியும் பிரயோசனமில்லை, அவன் மேலாளர் அவனுக்கு அரை மணிக்கொரு தரம் போன் போட்டுக்கொண்டிருந்தார். மாலை 6 மணிக்கு மேல் கடன் வாங்கியவரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அப்போது மணி எட்டரை.

கொடுத்தேன். நோட்டில் '25 கிலோ சிப்பம்' என்று எழுதினேன். இப்படி எழுதிய அரிசி என் நோட்டில் நிறைய இருக்கிறது, அதில் ஒரு மணி கூட உலையில் விழவில்லை. யாராவது என் நோட்டை வைத்துப் புள்ளிவிவரம் எடுத்தால் எங்கள் தெருவில் நுகர்வு அமோகமாக வளர்ந்திருப்பதாகத்தான் தெரியும்.

மக்கள் செலவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நான் கடைக்காரன். நாட்டின் உற்பத்தியில் கிட்டத்தட்ட 60 சதவீதம் மக்கள் வாங்கிச் செலவழிப்பதில்தான் நிற்கிறது, வாங்குவது நின்றால் ஆலையும் நிற்கும், அது புரிகிறது. அதற்குத்தானே 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டியை 18-லிருந்து 5 ஆக்கினீர்கள், சின்ன பைக்குகளுக்கு 28-லிருந்து 18 ஆக்கினீர்கள், வங்கிகளுக்கு நீங்கள் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டியையும் அந்த வருடம் படிப்படியாக இறக்கினீர்கள். நல்லது, நன்றி. ஆனால் ரெப்போ இறங்கியது எங்கள் செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் தெரியவில்லை. சோப்பில் மிச்சமான மூன்று நான்கு ரூபாயை வைத்து எந்த டியூவைக் கட்டுவது? 2022-23-ல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் அளவுக்கு இறங்கி, அரை நூற்றாண்டில் இல்லாத சரிவு என்று பேப்பரில் வந்தது. சேமிப்பைக் கரைத்தும் கடனை வாங்கியும் செய்கிற செலவும் உங்கள் கணக்கில் வளர்ச்சியில்தான் சேரும். இன்றைக்கு வாங்கிய போன் நாளைக்கு வாங்க வேண்டிய பருப்பைத் தின்றுவிட்டது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நான் கேட்பது புது விதி இல்லை. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது உங்கள் விதி. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தச் சிறுகடன், ஆக உச்சத்தில் இருக்கிற குடும்பத்துக்கே மாதம் 25,000 வருமானம், 12,500 வரை தவணை. மீதியில் வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், என் கடை. என்னைக் கேட்டால் பாதி என்பதே அதிகம், ஆனாலும் அந்தப் பாதியையாவது காப்பாற்றுங்கள். இங்கே வருமானம் எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? கடனை முதலில் முடிவு செய்துவிட்டு, அது பாதிக்குள் அடங்குகிற மாதிரி வருமானத்தை நிரப்புகிறார்கள். மழை வலுத்தால் வேலையில்லாத நாட்கள், ஏலக்காய் எடுப்பு முடிந்தபிறகு பாதி ஜீப் மட்டுமே ஓடும் மாதங்கள், இதெல்லாம் அந்தப் படிவத்தில் கிடையாது. கடன் வாங்குபவரின் வசதிக்கேற்பத் தவணைக் காலத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். ஜூன் மாத மழையிலும் செவ்வாய் செவ்வாய்தான்.

கூட்டுறவு வங்கியில் நகை இல்லாமல் ஒரு கடன் கேட்டால் நூறு காகிதம் கேட்கிறார்கள். செல்போனில் மட்டும் கேட்காமலேயே இரண்டு லட்சம் 'ரெடி'. நாட்டுக்காகக் கடன் வாங்கும் தேசபக்தி எங்கள் ஊரில் குறையவே விடமாட்டார்கள் போல. ஆந்திராவில் 2010-ல் தற்கொலைகள் நடந்தபிறகு அவசரச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டிலும் கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் வசூலுக்கு வந்து நின்றபிறகுதான் விழிக்க வேண்டுமா? கொடுக்கும்போதே பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற கடன் அட்டையில் இரண்டு எண்ணைத் தமிழில், பெரிதாக, அச்சடிக்கச் சொல்லுங்கள்: இந்தக் குடும்பத்தின் மாத வருமானமாக எழுதப்பட்டது எவ்வளவு, போன் தவணை வரை எல்லாம் சேர்த்து மாதம் கட்டுவது எவ்வளவு. பாதியைத் தாண்டியபிறகும் கடன் கொடுத்த கம்பெனி அந்தப் பணத்தைக் குழுவிடம் கேட்கக்கூடாது என்று சொல்லுங்கள். அப்புறம், சென்னையிலிருந்து ஒரு அதிகாரியை ஒரு செவ்வாய்க்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், இங்கே அனுப்பி வையுங்கள். ஜீப் கிளம்புவதற்கு முன்னால் வந்தால் நல்லது, ஐந்து மணிக்கெல்லாம் கடையைத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கூடலூர் மளிகைக்கடைக்காரன்