பொறியியல், நகரமைப்புப் பாடத்திட்டக் குழுவினருக்கு: சட்டத்தைப் பட்டியலாக அல்ல, கோப்பாகக் கற்பிக்க இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் பொறியியல், கட்டடக்கலை, நகரமைப்பு, புவியியல் படிக்கும் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் கற்பிப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அனுமதிக் கோப்புகளைக் கையாளப் பழக்கும் புதிய சட்டப் பாடம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது. பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடம் இளநிலைப் படிப்புகளுக்கெல்லாம் வந்தது. அதில் சட்டத்துக்குக் கிடைத்தது ஓர் அலகில் சில தலைப்புகள்: நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. மாணவர் ஆண்டுகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார். நான்கு ஆண்டு கழித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் அனுமதிக் கோப்பு அவர் மேசைக்கு வரும்போது, எந்தத் தாளை முதலில் புரட்டுவது என்று தெரிவதில்லை.

மனப்பாடம் ஏன் உதவுவதில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வது) என்ற சொல் கண்ணில் படாது. அது இருப்பது, அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு 2006 செப்டம்பர் 14-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில். சட்டம், அதன் கீழ் விதிகள், அறிவிக்கை, அரசாணை, குறிப்பாணை என்ற அடுக்கு புரியாதவர் சட்டத்தின் பெயரை அறிந்திருப்பார். நடைமுறை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்.

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு கணக்கு. மனை 8,000 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 16,000 சதுர மீட்டர் கட்டலாம். 2006 அறிவிக்கையின் அட்டவணை 8(அ)-வில் கட்டுமானத் திட்டங்களுக்கான வரம்பு 20,000 சதுர மீட்டரில்தான் தொடங்குகிறது. எனவே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று மாணவர் எழுதிவிடுவார். அடித்தளத்தில் வாகன நிறுத்தத்துக்கு 4,500 சதுர மீட்டர் இருப்பதை அவர் சேர்க்கவில்லை. நம் மாநிலக் கட்டட விதிகளில் வாகன நிறுத்தப் பரப்பு எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வராது. மத்திய அறிவிக்கையிலோ அடித்தளமும் சேவைப் பகுதிகளும் உட்பட எல்லாத் தளங்களின் பரப்பும் சேரும். ஆக, மொத்தம் 20,500. அனுமதி கட்டாயம். அதுவும் முன்அனுமதி: வாங்கும்வரை நிலத்துக்கு வேலி போட்டுக் காக்கலாமே தவிர, மண்ணை வெட்டக் கூடாது. ‘கட்டடப் பரப்பு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒன்றுக்கு இரண்டு ஆவணங்கள் இரண்டு பொருள் சொல்கின்றன. எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் பொருள்வரையறைப் பிரிவைப் படி என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வரைபடத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), ‘அ’ பதிவேடு (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு), கிராம வரைபடம், அதன்மேல் நகரின் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நிலப்பயன்பாடு, கடலோரமாக இருந்தால் அதற்கும் மேல் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கப் பழக்க வேண்டும். பிழை பெரும்பாலும் பிறப்பது அளவுகோலில். 1:25,000 வரைபடத்தில் 50 மீட்டர் என்பது வெறும் 2 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பேனாக் கோடே நிலத்தில் 12.5 மீட்டரை விழுங்கிவிடும். 1:4,000 வரைபடத்தில் அதே கோடு 2 மீட்டர்தான். 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல அறிவிக்கையின்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து (உயர் ஓதத்தின்போது நீர் எட்டும் எல்லை) 50 மீட்டர் வரை கட்டடம் கூடாது. அந்த அறிவிக்கையின்படி மேலாண்மைத் திட்டம் தயாராகாத இடத்தில் பழைய 200 மீட்டரே தொடரும். 50 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர், ஒரு மீனவக் குப்பத்தின் கரையை 150 மீட்டர் தவறாக அளந்துவிடுவார்.

அடுத்தது நாட்கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91-ஆவது நாள் போனால், காரணம் எவ்வளவு நியாயமானாலும் ஏற்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தீர்ப்பாயம் எந்தச் சட்டங்களின் கீழ் விசாரிக்கலாம் என்று கூறும் அட்டவணையில் நம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பக்கவெளி (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் இடையில் விட வேண்டிய இடம்) விடவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று விடைத்தாளில் எழுதுபவர் பலர். அதற்கான வழி 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளில், திட்டமிடல் அதிகார அமைப்பிடம் இருக்கிறது. ஒரு பருவத்தில் மாணவர் தலையில் நிலைக்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எந்தத் தேதிக்குள்?

இதெல்லாம் வழக்கறிஞர் வேலை அல்லவா என்று குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய, 1996-இன் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை அவர் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டுகிறோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. அதற்குள் இருப்பவை கள அளவீடுகள். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர். திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. தோல் ஆலைகள் நிறைந்த பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானது. ஊர் ஊராகப் போய்க் கிணற்றை எண்ணி, மண்ணைச் சோதித்தவர்களின் எண்கள் இல்லாமல் அந்தத் தீர்ப்பு நின்றிருக்காது. அந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள் உங்கள் மாணவர்கள்.

இந்தப் புதிய பாடத்துக்கு 45 மணி நேரம் போதும். ஸ்டாக்ஹோம் 1972, ரியோ 1992 ஆகிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்து மணி நேரம் சட்டப் பிரிவை வாசிக்கும் பயிற்சி: ‘வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, வரம்புரை (பிரிவின் இறுதியில் வரும் ‘ஆனால்’ நிபந்தனை) எதை விலக்குகிறது, ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று தொடங்கும் பிரிவு எதை மீறுகிறது. மீதி நேரம் முழுவதும் ஓர் உண்மையான மனைக்கான கோப்பு. இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு வரைவு மதிப்பீட்டு அறிக்கையைப் படித்து, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு ஒரு பக்க ஆட்சேபம் எழுத வேண்டும். அதில் ‘இயற்கை அழியும்’ என்ற பொது வாக்கியத்துக்கு மதிப்பெண் கூடாது. எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எந்த எண் தவறு என்பதற்கே மதிப்பெண்.

தேர்வு அறையில் சட்டப் புத்தகத்தை அனுமதியுங்கள். திருத்தங்களோடு கூடிய அண்மைப் பதிப்பாக அது இருக்க வேண்டும். 1986 சட்டத்தின் 15-ஆம் பிரிவு மீறலுக்கு ஐந்தாண்டுச் சிறை என்று இன்னும் குறிப்பேடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023-இன் திருத்தம் அதை ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரையிலான தண்டத்தொகையாக மாற்றி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பழைய விடைக்கு முழு மதிப்பெண் போடும் விடைக்குறிப்பை முதலில் திருத்துங்கள். புதிய பாடத்துக்கு ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலை அது.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல், நகரமைப்புச் சட்டம் கற்பிப்போர்